ஆயில் ஏறாத வண்டி

எந்தத் தரையிலும் ஓடும் ஏ.டி.வி. வண்டி பார்க்கத்தான் முரட்டு உருவம். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால், படுத்த வாக்கில் ஒரு சின்ன இன்ஜின். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் மணல் திடல்களில் வாடகைக்கு ஓடும் 110 சிசி வண்டிகளில் நான் பார்த்தவரை இதுதான். நம்மூர் மெக்கானிக் இதைக் கண்டு மிரள மாட்டார். ஹோண்டா 1958-இல் சூப்பர் கப்போடு தொடங்கிய வம்சம் இது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 ஆக இங்கே வந்தது. 1994-இலிருந்து ஸ்ப்ளெண்டராக ஊர் ஊராகப் பரவியது. 1970-இல் ஹோண்டா கொண்டுவந்த யு.எஸ். 90 என்ற மூன்று சக்கர ஏ.டி.வி.யிலும் இந்தக் குடும்பத்து 89 சிசி இன்ஜின்தான் உட்கார்ந்திருந்தது.

ஆகவே நான் பார்க்கப் போன மெக்கானிக் பாய் இதற்கென்று எங்கும் போய்ப் படிக்கவில்லை. தகரக் கொட்டகை, ஒரு கம்ப்ரஸர், கையாளாக ஒரு பையன். ஸ்ப்ளெண்டர் பிரித்துப் பிரித்துப் பழகிய கை, அவ்வளவுதான். நான் போன அன்று வாடகைக்காரர் ஒருவர் சிவப்பு வண்டி ஒன்றை டெம்போவில் ஏற்றி வந்திருந்தார். ஹெட்டில் 'கட கட'வென்று சத்தம்.

“டேப்பட் வச்சுக் குடுத்துடுங்க பாய், சாயங்காலம் ஓட்டணும்.”

“டேப்பட் வச்சா சத்தம் நிக்கும். நாளன்னிக்கு கேம் போயிடும். மேல ஆயில் ஏறுதான்னு மொதல்ல பாப்போம்.”

இந்த ரக வண்டியில் ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டர் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, எவ்வளவு தூரம் ஓடியது என்று சொல்லக்கூட எதுவும் இல்லை. ஹெட்டில் வரும் சத்தம்தான் முதல் தகவல். அது வரும்போது பாதி சேதம் முடிந்திருக்கும். போதாக்குறைக்கு மணலில் வண்டி ஊர்ந்துதான் போகும். இன்ஜினோ முழு வேகத்தில் கத்தும். காற்றில் குளிர வேண்டிய இன்ஜினுக்குக் காற்றே கிடைக்காது. சூட்டை எடுத்துப் போகும் வேலையிலும் பெரும் பங்கு ஆயில் தலையில் விழுகிறது. அதுவோ மொத்தமே முக்கால் லிட்டர் சொச்சம்.

பாய் முதலில் கேட்டது ஸ்பானர் இல்லை, துணி. சுத்தமான துணியில் ஆயில் குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா நுழைத்து எடுத்தார். ஆயில் கீழ்க்கோட்டைத் தொடவில்லை. வாடகைக்காரர் தான் பார்த்தபோது சரியாக இருந்ததாகச் சாதித்தார். பார்த்திருப்பார், குச்சியை முழுக்கத் திருகிப் பார்த்திருப்பார். திருகினால் குச்சி இன்னும் கீழே இறங்கும், இல்லாத ஆயிலும் இருப்பதாகக் காட்டும். குச்சியைக் கால்சட்டையில் துடைப்பது இன்னொரு வழக்கம். கடற்கரையில் வேலை செய்பவரின் கால்சட்டையில் என்ன இருக்கும்? விரல்களுக்கு நடுவே ஆயிலைத் தேய்த்த பாய் என் விரலிலும் கொஞ்சம் வைத்தார். நறநறவென்றிருந்தது.

அளவு சரியாகும்வரை 20டபிள்யூ40 ஊற்றி, மேல் டேப்பட் மூடியைக் கழற்றி, ஐடிலிங்கில் ஓடவிட்டார். நல்ல வண்டி என்றால் கொஞ்ச நேரத்தில் அந்தத் துவாரத்தில் ஆயில் துளி தெறிக்க வேண்டும். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ராக்கர் உலர்ந்தபடியே ஆடியது. பாய் உடனே சாவியைத் திருகி அணைத்தார். ஆயில் ஏறவில்லை என்று தெரிந்தபின் ஒரு விநாடிகூட ஓட்டக் கூடாது என்பது அவர் சட்டம்.

இனி ஆயில் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஆயில் போகும் வழி மெக்கானிக்கின் மனத்தில் படமாக இருக்க வேண்டும். அடியில் தேங்கிய ஆயில் கம்பி ஜாலி வழியாக வடிந்து பம்புக்கு வருகிறது. பம்புக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ரோட்டர். உள்ளதற்கு 4 பல், வெளியதற்கு 5 பள்ளம். அதைச் சுற்றுவது டைமிங் செயினால் சுழலும் ஒரு சின்னத் தண்டின் நுனி. அங்கிருந்து ஒரு வழி கிராங்குக்கு, இன்னொரு வழி மேலே ஹெட்டுக்கு. ஹெட்டை நனைத்த ஆயில் டைமிங் செயின் ஓடும் பள்ளத்தின் வழியாகத் தானாகக் கீழே இறங்கிவிடும். ஜாலி அடைக்கலாம், பம்ப் தேயலாம், தண்டு நுனி மழுங்கலாம், மேலே போகும் வழி அடைக்கலாம். நான்கும் வெளியே ஒரே சத்தத்தைத்தான் காட்டும்.

ஆயிலை வடித்து, வலப்பக்கக் கவரைத் திறந்தார்கள். பையன் ஜாலியை உருவினான். கிளட்ச் தூள், மணல், சாம்பல் நிறத்தில் ரப்பர் போல நீளும் பேஸ்ட் துணுக்குகள். பாதிக்கு மேல் அடைப்பு. எனக்கு வேலை முடிந்ததாகத் தோன்றியது. பாய்க்குத் தோன்றவில்லை. “பாதி அடைச்சா பாதியாவது ஏறணும்ல?” பம்பைக் கழற்றி ரோட்டர்களுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். தேய்மானம் அளவுக்குள்தான். தண்டு நுனியும் கூராக இருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் அன்றைய வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பம்ப் இருந்த இடத்தில் ஆயில் மேலே புறப்படும் துவாரம் ஒன்று. கவர் வழியாகக் கிராங்குக்குப் போகும் துவாரம் இன்னொன்று. இரண்டாவதைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு முதலாவதில் ஏர் கன்னை வைத்தார். “காத்து வருதாடா?” டேப்பட் துவாரத்தில் உள்ளங்கையை வைத்திருந்த பையன், “வரல பாய்” என்றான். ஹெட்டைத் தொடாமலே குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

ஹெட்டை இறக்கியதும் கண்ணுக்கே தெரிந்தது. இந்த இன்ஜினில் சிலிண்டரைப் பிடித்திருக்கும் ஸ்டட் ஒன்றைச் சுற்றியுள்ள இடைவெளிதான் ஆயிலுக்கு ஏணி. முன்பு யாரோ கேஸ்கெட்டுக்கு இரண்டு பக்கமும் தாராளமாகப் பேஸ்ட் தடவியிருக்கிறார்கள். இறுக்கும்போது பிதுங்கியது உள்ளே போய், அந்த வாயை மூடிக் கெட்டியாகிவிட்டது. ஜாலியில் கிடந்ததும் அதன் மிச்சம்தான். கேம் மேட்டில் கீறல், ராக்கர் முகத்தில் குழி. இரண்டும் புதிதாகப் போட வேண்டும். கசிவுக்குப் பயந்து பேஸ்டை அப்பும் பழக்கத்தைப் பட்டறைகள் விட்டாலே இந்த நோயில் பாதி ஒழியும் என்பேன். பாய் அவ்வளவு கோபப்படவில்லை. “கேஸ்கெட் கெடைக்காம செஞ்சிருப்பான்” என்றார். அதிலும் நியாயம் உண்டு. ஸ்ப்ளெண்டர் கேஸ்கெட் எந்த ஊரிலும் கிடைக்கும், ஆனால் அதன் உள்விட்டம் 50 மி.மீ. கணக்கு, இந்த 110-க்கு 52.4. பையன் சென்னை ஜி.பி. ரோடுக்குப் போய்த் தேடித்தான் வாங்கி வர வேண்டியிருந்தது.

மூலையில் தார்ப்பாய்க்குள் 500 சிசி வண்டி ஒன்றும் நின்றது. அது வேறு ஜாதி. ஆயிலுக்குத் தனி டேங்க், ஹோஸ் வழியாகப் பம்புக்கு வரவேண்டும். ஹோஸைக் கழற்றி மாட்டினால் நடுவே காற்று புகுந்து, டேங்க் நிறைய ஆயில் இருந்தும் பம்ப் வெறுமனே சுற்றும். அதற்கு, டேங்கின் காற்றுக் குழாயை இடுக்கியால் நசுக்கிப் பிடித்துச் சில விநாடி ஓடவிடுவார்கள். டேங்கில் அழுத்தம் கூடி ஆயிலைப் பம்புக்குத் தள்ளும். இது தெரியாமல் பம்பையே மாற்றிச் செலவழித்தவர்கள் உண்டு என்றார் பாய்.

சிவப்பு வண்டியை அடுத்த முறை போனபோது கோத்துக்கொண்டிருந்தார்கள். பம்புக்குள் ஆயில் விட்டு நிரப்பியே மாட்டினார். ஏணி ஸ்டட்டின் நட்டுக்கு அடியில் செம்பு வாஷர் மறக்காமல் ஏறியது. அதை விட்டால் ஆயில் வெளியே கசியும். பேஸ்ட் டியூப் அலமாரியிலேயே கிடந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை விட்டு விட்டு அழுத்தினான் பையன். சுமையில்லாமல் இன்ஜின் சுழன்றது. டேப்பட் துவாரத்தில் முதலில் குமிழி, பிறகு பையனின் முகத்திலேயே ஒரு துளி. பிளக்கை மாட்டி உயிரூட்டியபோது சத்தம் தணிந்திருந்தது.

கூலியைப் பேசி முடித்தபின் பாய் மார்க்கர் பேனாவை எடுத்தார். மீட்டர் இல்லாத வண்டிக்கு மணிக்கணக்குதான் என்று சொல்லி, ஆயில் மாற்றிய தேதியை மட்கார்டில் எழுதக் குனிந்தார். வாடகைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். “கஸ்டமர் பாத்தா ரிப்பேர் வண்டின்னு நெனப்பான் பாய், சீட்டுக்கு அடியில எழுதுங்க.” பாய் சீட்டைத் தூக்கி, பேட்டரிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: குச்சியைத் திருகாதே.