பழைய விளக்கும் புதிய கம்பியும்

இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம், ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த மலையூர். மழையும் மூடுபனியும் மிகுந்த இத்தகைய ஊர்களில், தாத்தா காலத்து மேசைவிளக்கின் ஒளியில் பேரக்குழந்தைகள் படிப்பதுண்டு.

விளக்கின் உலோகத் தண்டு நெடுங்காலம் உழைக்கும். மின்கம்பியின் உறையோ நாளடைவில் வெடித்துவிடும். அவ்வழியே 230 வோல்ட் மின்சாரம் தண்டில் கசிந்தால், தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

அதற்காக விளக்கை எறிய வேண்டுவதில்லை. வயர், பிளக், ஹோல்டர் ஆகியவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஆனால், உலோக விளக்கிற்கு மூன்று கம்பிகள் கொண்ட வயரும் மூன்று முனைப் பிளக்கும் இன்றியமையாதவை. பழுப்புக் கம்பி மின்சாரத்தைக் கொண்டுவரும்; நீலக் கம்பி திரும்பக் கொண்டுசெல்லும்; பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி விளக்கின் தண்டை நிலத்தோடு இணைக்கும். கசியும் மின்சாரத்தை நிலத்திற்கு இட்டுச்செல்வது அதுவே. பிளக்கின் நீண்டு பருத்த முனை அக்கம்பிக்கு உரியது. பிற முனைகளுக்கு முன்பே அது சாக்கெட்டைத் தொடும்.

வெடித்த கம்பியில் நாடா சுற்றுவது சிக்கனமன்று. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பொருள்களை வாங்கி, தேர்ந்த மின்பணியாளரிடம் கொடுத்தல் வேண்டும். வீட்டுச் சாக்கெட்டில் எர்த் இணைப்பு உள்ளதா என்பதையும் அவரைக் கொண்டு சோதித்தல் நலம். சிறுவர் தாமே விளக்கைப் பிரித்தல் கூடாது.

60 வாட் குண்டு பல்புக்கு மாற்றாக 9 வாட் எல்.இ.டி. பல்பைப் பொருத்தினால், ஏறத்தாழ அதே ஒளி கிடைக்கும், மின்கட்டணம் குறையும். சேமிப்பை அங்கே தேடலாம், கம்பியில் தேடலாகாது.