உம்மாவும் வாப்பாவும் பறந்த ஒன்பது நாள்

எங்கள் ஊரில் விமானம் என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே பொருள்தான் இருந்து வந்தது. யாரோ ஒருவர் உழைக்கப் போகிறார். வீட்டார் வான் பிடித்துக் கட்டுநாயக்க வரை சென்று, கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நின்று அழுதுவிட்டுத் திரும்புகிறார்கள். எங்கள் வாப்பாவும் அப்படிப் போனவர்தான். ரியாத்தில் 16 வருடம் சாரதியாக வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத விடுமுறை கிடைக்கும். கல்யாணமாகி 24 வருடத்தில் உம்மாவும் அவரும் ஒரே வீட்டில் வாழ்ந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் பாதி கூடத் தேறாது.

உம்மா மருதமுனையில் கைத்தறி நெய்பவர். வாப்பாவின் காசு வந்த மாதமும் வராத மாதமும் எங்கள் வீட்டில் தறிச்சத்தம் நின்றதில்லை. வாப்பா 2019 இல் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, "ஒருக்காலாவது உன்னையும் ஏத்திக்கிட்டுப் பறக்கணும்" என்று உம்மாவிடம் சொன்னார். 2020 இல் கொரோனா வந்தது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்து, சேர்த்த ரூபாவின் பெறுமதி பாதியாகியது. இருவரும் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். ஆனால் உம்மா சீட்டுக் கட்டுவதை விடவில்லை. சென்ற வருடம் அந்தச் சீட்டு விழுந்தது.

செய்தி வெளியே கசிந்ததும் வீட்டுக்கு ஆலோசனைகள் வரத் தொடங்கின. "இந்த வயசில தேனிலவா?" என்று சிரித்தவர்களை உம்மா பொருட்படுத்தவில்லை. "குமருப்புள்ளைய வீட்டில வச்சிட்டுப் போறதா?" என்று கேட்டவர்களுக்கு உம்மம்மா பதில் சொன்னார்: "நான் என்ன மௌத்தாப் போயிட்டேனா?" ஆனால் மாமி கேட்ட ஒரு கேள்வி உம்மாவைத் தைத்தது. "அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டா உம்ராவுக்குப் போயிட்டு வரலாமே?"

அன்றிரவு உம்மா தறியில் உட்கார்ந்தார், ஆனால் நெய்யவில்லை. நியாயமான கேள்விதான். சீட்டில் விழுந்த காசு உம்ராவுக்குப் போதாது, அதில் பாதிகூட இல்லை என்பது அவருக்குத் தெரியும். என்றாலும் இறையில்லத்தை முந்திக்கொண்டு வேறு ஊர் பார்ப்பது சரிதானா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. மறுநாள் மௌலவி ஒருவரிடம் வாப்பா விசாரித்தார். கடனில்லாத ஹலாலான காசில் கணவனும் மனைவியும் பயணம் செய்வதில் குற்றமில்லை என்றும், பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறும்படி அல்குர்ஆனே பல இடங்களில் சொல்கிறது என்றும் அவர் விளக்கினார். உம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். திரும்பி வந்த அன்றே உம்ராவுக்கென்று தனிச் சேமிப்புத் தொடங்க வேண்டும்.

பயணச்சீட்டு எடுக்கும் வேலை என்னுடையது. கொழும்பிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து சிங்கப்பூர், மீண்டும் கோலாலம்பூர் வழியாக வீடு. எல்லாமே குறைந்த கட்டண விமானங்கள். "இவ்வளவு மலிவாக் குடுத்தா அவனுக்கு எப்படிக் கட்டும்?" என்று உம்மா கேட்டார். நெசவுக்காரியின் கேள்வி அது. நான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1971 இல் பறக்கத் தொடங்கிய சௌத்வெஸ்ட் நிறுவனம் காட்டிய வழி இது. ஒரே வகை விமானத்தையே வைத்திருந்தால் விமானிகளுக்கான பயிற்சியும் உதிரிப்பாகச் செலவும் குறையும். தரையிறங்கிய விமானத்தை அரை மணித்தியாலத்துக்குள் மறுபடி கிளப்பினால் ஒரு நாளில் கூடுதல் தடவை பறக்கலாம். பின்னர் வந்த நிறுவனங்கள் உணவு, பெட்டி, விரும்பிய இருக்கை எல்லாவற்றையும் கட்டணத்திலிருந்து பிரித்து, வேண்டியவருக்கு மட்டும் விற்கத் தொடங்கின. நம் பக்கத்தில் இதைப் பரப்பிய ஏர்ஏசியா, 2001 இல் கடனில் மூழ்கிக் கிடந்தபோது ஒரே ஒரு ரிங்கிட்டுக்குக் கைமாறிய நிறுவனம். "தறி சும்மா நிண்டா நட்டம் எண்டுறது மாதிரித்தான், விமானமும் தரையில நிண்டா நட்டம்" என்று உம்மா அதைத் தன் மொழியில் முடித்துவைத்தார்.

பெட்டி வேண்டாம், கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 7 கிலோ போதும் என்று தீர்மானித்தோம். உணவும் வேண்டாம். அடுத்ததாக இருக்கைப் பக்கம் வந்தது. தெரிவு செய்யாவிட்டால் கணினி தன் விருப்பப்படி போடும். இருவரும் வேறு வேறு வரிசையில் இருக்க நேரலாம். பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமென்றால் தனிக் காசு. "மூண்டரை மணித்தியாலந்தானே, எங்க இருந்தா என்ன?" என்றார் உம்மா. மீன் வாங்கினால் ஐந்து ரூபாவுக்கும் பேரம் பேசுகிற வாப்பா, தொகை எவ்வளவென்று கூடக் கேட்கவில்லை. "பக்கத்திலேயே போடு மனே. நான் தனியப் பறந்தது காணும்" என்றார். நான் திரும்பி உம்மாவைப் பார்க்கவில்லை. ஐந்து பயணத்துக்கும் சேர்த்துப் பத்து இருக்கைகளையும் சோடி சோடியாகத் தெரிவு செய்தேன்.

மலேசியாவுக்கான விசாவை இணையவழியில் முன்கூட்டியே எடுத்தோம். எங்கள் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூரில் விசா தேவைப்படவில்லை. வருகைப் படிவத்தை மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பினால் போதுமாக இருந்தது. திரும்பும் வழியில் இரண்டு சீட்டுகளும் தனித்தனியானவை. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஆகவே இடையில் எட்டு மணித்தியாலம் விட்டேன். மலிவான பயணத்தில் காசுக்குப் பதிலாகப் பொறுமையைக் கொடுக்க வேண்டும் என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

கல்முனையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் பஸ்ஸில் ஓர் இரவு முழுவதும் போனது. கோலாலம்பூருக்கு அதில் பாதி நேரம் கூட ஆகவில்லை. ரியாத்துக்குப் போகும்போதெல்லாம் வாப்பா ஜன்னலோரம் உட்காருவதில்லையாம். ஊர் சிறிதாகி மறைவதைப் பார்க்க முடியாதாம். இம்முறை ஜன்னலோரத்தில் உம்மா இருந்தார். வாப்பா அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டே போனதாக உம்மா எனக்குச் சொன்னார். அதை எனக்குச் சொன்னது வாப்பாவுக்குத் தெரியாது.

அங்கு நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அங்கே சுபஹ் தொழுது முடித்து உம்மா அனுப்பும் குரற்பதிவு, இங்கே எங்கள் ஆழ்ந்த உறக்கத்தில் வந்து விழும். காலையில் எழுந்ததும் நானும் உம்மம்மாவும் தம்பியும் ஒன்றாக இருந்து கேட்போம். முதல் நாள் செய்தியே அதிசயமாக இருந்தது. அறையின் முகட்டில் கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி ஒட்டியிருந்ததாம். "யாருக்கிட்டயும் கேக்கத் தேவையில்ல புள்ள, மல்லாந்து படுத்தாலே தெரியுது." எந்த நகரத்திலும் முழுமையாக நான்கு நாள் தங்கும் எண்ணம் இல்லாததால், மௌலவி சொன்னபடி பயணம் முழுவதும் கஸ்ராகச் சுருக்கித் தொழுதார்கள். ஊர் ஊராகத் தாவுகிற பயணத்துக்கு மார்க்கம் தந்த சலுகை அது.

கோலாலம்பூர் என்ற பெயருக்குச் சேற்று முகத்துவாரம் என்று பொருள். கிளாங், கோம்பாக் என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் 1909 இல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமிஃ இன்றும் நிற்கிறது. 452 மீற்றர் உயரமான பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை இருவரும் கீழே நின்று இலவசமாகப் பார்த்தார்கள். ஆனால் உம்மா அதிகம் பேசியது இடை சிறுத்த உடுக்கை போன்ற வேறொரு கட்டடத்தைப் பற்றி. அது தாபுங் ஹாஜி என்ற ஹஜ் சேமிப்பு நிறுவனத்தின் கட்டடம். ஹஜ்ஜுக்காகக் கிராமத்து மக்கள் காணியையும் மாட்டையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து கஷ்டப்படுவதைத் தவிர்க்க, 1963 இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. வட்டி கலக்காமல், சிறுகச் சிறுகச் சேமித்துப் போகலாம். மாமியின் கேள்விக்கு உம்மா தேடிக்கொண்டிருந்த விடையின் ஒரு நுனி அங்கே அகப்பட்டது.

பெயர்ப்பலகைகள் வாப்பாவுக்கு விளையாட்டாகிவிட்டன. கடைகள் எல்லாவற்றிலும் 'கெடாய்' என்று எழுதியிருந்தது. அது நம்முடைய கடைதான். கப்பலுக்குக் 'காப்பல்', கட்டிலுக்குக் 'காத்தில்', பெட்டிக்குப் 'பெத்தி'. முடிதிருத்தும் கடையில் 'ரம்புத்' என்ற சொல்லைக் கண்டு விசாரித்தாராம். ரம்புத் என்றால் முடி. முடி முளைத்தது போன்ற பழம் ஆகையால் அது ரம்புட்டான். இத்தனை வருடம் பழத்தைத் தின்றோம், பெயரைக் கேட்கவில்லையே என்று உம்மம்மா சிரித்தார்.

பினாங்கின் ஜோர்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து 2008 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பெயரால் சூலியா வீதி இருக்கிறது. 1801 இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் அருகே நாசி கண்டார் கடைக்குப் போனார்கள். ஒரு காலத்தில் தோளில் காவுதடியில் சோறும் கறியும் சுமந்து விற்றதால் வந்த பெயர் அது. பல ஆணங்களைச் சோற்றின் மேல் வெள்ளமாக ஊற்றித் தந்தவர், இவர்கள் பேசுவதைக் கேட்டு, "சிலோனா?" என்று தமிழில் கேட்டாராம். அவருடைய பூட்டனார் இராமநாதபுரத்திலிருந்து வந்தவர். உம்மாவுக்கு வெளிநாட்டில் வந்து நிற்கும் கூச்சம் அந்த இடத்தோடு போய்விட்டது.

அதே வீதியில் ஒரு துணிக்கடையில் 'காயின் பெலிகாட்' என்ற சாரன்கள் அடுக்கியிருந்தன. கட்டம் போட்ட அந்தச் சாரனை உம்மா விரலால் தடவி, ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். நம் ஊரில் பளையகாட்டுச் சாரன் என்று சொல்வோமே, அதுதான். காயின் என்றால் மலாயில் துணி. பெலிகாட் என்பது தமிழகக் கரையிலுள்ள பழவேற்காடு. அந்தக் கரையிலிருந்து கப்பலேறிய துணி மலாய் நாட்டில் ஊர்ப்பெயரோடு தங்கிவிட்டது. சாரன் என்ற சொல்லோ மலாய் மொழியிலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்து தங்கிவிட்டது. துணி அங்கே போனது, பெயர் இங்கே வந்தது. இருபது வருடமாக நெய்தும் இது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று உம்மா அன்றிரவு நீண்ட குரற்பதிவு அனுப்பினார். அவ்வளவு உற்சாகமான குரலில் உம்மா பேசி நான் கேட்டதில்லை.

சிங்கப்பூரில் இரண்டு இரவுதான். அங்கே அறை வாடகை கையைக் கடித்தது. சுல்தான் பள்ளிவாசலில் தொழுதார்கள். 1826 இல் அமைந்த சூலியா பள்ளிவாசலையும் பார்த்தார்கள். ரயில் நிலைய அறிவிப்புகளில் தமிழ் இருப்பதை உம்மா படமெடுத்து அனுப்பினார். இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு ஒன்பது பேரளவில்தான் இருக்கும் நாட்டில் தமிழ் நான்கு அரச மொழிகளில் ஒன்று. "எனக்கு இங்கிலீசு தெரியாது எண்டு பயந்து வந்தன். இங்க நான் வாசிச்சி உங்கட வாப்பாவுக்கு வழி சொல்றன்" என்றார்.

திரும்பும்போது உம்மாவின் பை 7 கிலோவைத் தாண்டியது. வாப்பா இரண்டு சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அணிந்து நிறையைச் சரிசெய்தார். கோலாலம்பூர் விமான நிலையத்தின் சூராவில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, மீதி நேரம் முழுவதும் ஒரு வாங்கில் இருந்து கதைத்தார்களாம். எட்டு மணித்தியாலம் என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "விட்டுப்போன கதைகள்" என்று மட்டும் சொன்னார் உம்மா.

அவர்கள் கொண்டுவந்தவற்றில் இனிப்புகள் இரண்டு நாளில் முடிந்தன. பெலிகாட் சாரனை வாப்பா ஒரு நாளும் உடுக்கவில்லை. உம்மா அதன் நூலை எண்ணிக் கட்டத்தின் கணக்கைப் பிடித்துத் தறியில் ஏற்றிவிட்டார். நெசவுக்குப் போகும் பதினொரு பெண்களைச் சேர்த்து உம்ராவுக்கென்று ஒரு சீட்டும் தொடங்கினார். முதலாவதாகப் பெயர் கொடுத்தவர் மாமிதான். பெயரைக் கொடுத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "பக்கத்தில பக்கத்தில இருக்கிறதுக்கு எவ்வளவு மகள் எடுப்பான்?" என்று கேட்டார். மாமாவும் பதினொரு வருடமாகக் குவைத்தில் இருக்கிறார்.

தோழியரே, நம் வீடுகளில் பலருடைய பெற்றோர் நமக்காகவே பிரிந்து வாழ்ந்தவர்கள். அவர்களுக்குச் சீட்டெடுத்துக் கொடுக்கும் காசு இன்று நம்மிடம் இல்லை. ஆனால் இணையத்தில் கட்டணத்தைத் தேடவும், நிபந்தனைகளை வாசித்துச் சொல்லவும், படிவம் நிரப்பவும், அவர்கள் போயிருக்கும் நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் நம்மால் முடியும். நாம் படித்த படிப்பு முதலில் பயன்படக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று.