துணைக்கு ஓர் ஆள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா நகரில் வேலை பார்க்கும் நண்பர், தன் கிறிஸ்தவ சபையில் நடக்கும் பண நிர்வாக வகுப்புக்கு வாரம் ஒரு மாலை போய்வருகிறார். கடனில் சிக்கியவர்களுக்கான வகுப்பு அது. பாடம் நடத்தத் தனி ஆசிரியர் உண்டு. நண்பரும் இன்னும் சிலரும் வருகிறவர்களுக்குப் பக்கத்தில் துணையாக உட்காருகிறார்கள், அவ்வளவுதான். சும்மா உட்காருவதில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்டேன். வந்து பாருங்கள் என்று அழைத்துப் போனார்.

பாடத்திட்டம் சால்மர்ஸ் மையத்துடையது. பிரையன் ஃபிக்கர்ட் என்ற பொருளியல் பேராசிரியர் 1999-இல் தொடங்கிய மையம் அது. 1819-இல் கிளாஸ்கோவில் தன் சபைப் பங்கை 25 வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஓர் உதவி ஊழியரை அனுப்பி ஏழைகளின் வீடு வீடாக விசாரிக்க வைத்த போதகர் தாமஸ் சால்மர்ஸின் பெயர் அதற்கு. காசைக் கொடுத்துவிட்டு முகம் பார்க்காமல் போகாதே என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

முதலில் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பிறகு ஜெபம், பாடம். காப்பீடு, கடன் மதிப்பெண் பற்றியெல்லாம் நடத்தினார்கள், அதை விட்டுவிடுகிறேன். என் கண் முழுக்க எதிரே இருந்த இரண்டு பெண்கள் மேல்தான் இருந்தது. ஒருவர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவர். மற்றவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், அவர்தான் துணை.

துப்புரவுப் பெண் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பிரிக்காத கடிதங்கள். பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தார். துணைக்கு இருந்த அம்மா அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தன் கைப்பையிலிருந்து சொந்த வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். "போன குளிர்காலத்துல எங்க வீட்டுக்கு வந்தது இது. ரெண்டு தவணையாத்தான் கட்ட முடிஞ்சுது" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு பை திறந்தது. ஒவ்வொரு உறையாக ஓரம் கிழித்து, தேதிவாரியாக அடுக்கினார்கள். தொகையைத் தாளில் எழுதும்போது பேனா கடன்பட்டவர் கையிலேயே இருந்தது. கூட்டலில் ஓரிடத்தில் தடுமாறியபோதும் துணை அம்மா கை நீட்டவில்லை, காத்திருந்தார். கேட்காமல் புத்தி சொல்லக் கூடாது, கைமாற்றுக் கொடுக்கக் கூடாது, இங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. இத்தனையும் காத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய தொழில்திறமை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுக்கின் அடியில் கிடந்தது பேடே லோன் சீட்டு. கார் பழுதாகி வேலைக்குப் போக முடியாத வாரத்தில் வாங்கியது. அடுத்த சம்பள நாளுக்கு 500 டாலர் காசோலை எழுதிக் கொடுத்தால் கையில் 425 தருவார்கள். மீதி 75 கட்டணம். டென்னசி சட்டமே காசோலைத் தொகையில் 15 சதவீதம்வரை எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. இரண்டு வாரக் கடனுக்கு இதை ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 460 சதவீதம்! சம்பளம் வந்ததும் 500-ஐக் கட்டினால் வாடகைக்குப் பணமிருக்காது. அதனால் கட்டிய கையோடு மறுபடி ஒரு காசோலை. எட்டு முறை இப்படிச் சுற்றினால் கட்டணமாக மட்டும் 600 டாலர் போய்விடும். கடன் அப்படியே நிற்கும். இது கந்துவட்டி இல்லாமல் வேறென்ன?

இந்தப் பெண்ணுக்குச் சிக்கனம் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் தாளில் வீண்செலவு என்று அடிக்க ஒரு வரிகூட இல்லை. வரவு செலவுத் திட்டம் அவசியம்தான். ஆனால் பள்ளம் தோண்டுகிறவனை விட்டுவிட்டு விழுந்தவருக்கு மட்டும் நடக்கக் கற்றுக்கொடுத்தால் போதுமா? வேதாகமத்தில் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்த ஜனங்கள் கதறியபோது நெகேமியா அவர்களுக்குச் சிக்கன வகுப்பு எடுக்கவில்லை. வட்டி வாங்கிய பிரபுக்களைச் சபை கூட்டி நிற்க வைத்து, அடகைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. படையில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் கடனுக்கு 36 சதவீதம்தான் உச்சவரம்பு என்று 2006-இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சட்டனூகாவை ஒட்டியிருக்கும் ஜார்ஜியா மாநிலம் 2004-இல் பேடே லோனையே தடை செய்துவிட்டது. அந்த மேசையில் பொறுமையாக உட்காருகிற சபையார் மாநிலத் தலைநகர் நாஷ்வில்லுக்கும் போய், சட்டமன்ற உறுப்பினர்கள் முன்னால் அந்த 425 டாலர் சீட்டை வைத்து, 36 சதவீத வரம்பை எல்லோருக்கும் கேட்க வேண்டும்.