கனமான அம்பு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

‘அம்பு போலப் பாய்ந்தான்’ என்கிறோம். அம்பு என்றாலே வேகம்தான் நம் நினைவுக்கு வருகிறது. இலேசான பொருள் விரைந்து செல்லும். விரைந்து செல்லும் பொருள் வலுவாகத் தாக்கும். ஆகவே அம்பு எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இயற்பியல் பயிலும் மாணவனாகிய நானே சென்ற ஆண்டு வரை இப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை உடைத்தவர் பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத என் தாத்தா. நம்பிக்கை உடைந்த அன்று என் வில்லும் உடைந்தது.

நம் துறையின் அறிவியல் கண்காட்சிக்கு ஆளுக்கொரு பொருள் செய்து வரவேண்டும் என்று பேராசிரியர் அறிவித்தபோது, குறுக்கு வில் செய்வதாக நான் பெயர் கொடுத்தேன். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதிலைக் காத்த பொறிகளைப் பற்றி வருகிறது. அவற்றுள் தானே வளைந்து அம்பெய்யும் விற்பொறியும் ஒன்று எனத் தமிழ் வகுப்பில் கேட்டது என் மனத்தில் தங்கியிருந்தது. சீனத்தில் முதல் பேரரசரின் சுடுமண் படைவீரர்களோடு குறுக்கு வில்லின் வெண்கல விசைகளும் கிடைத்திருக்கின்றன. நம் நாட்டின் நிக்கோபார்த் தீவு மக்களும் பறவை வேட்டைக்குக் குறுக்கு வில் வைத்திருந்தார்கள். அமைப்பு எளிதானதுதான். ஒரு கட்டையின் தலையில் வில்லைக் குறுக்காகப் பொருத்த வேண்டும். நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால், விசையைத் தட்டியதும் அம்பு பாயும்.

மூங்கிலைப் பிளந்து வில் செய்தேன். குப்பத்து நண்பன் கொடுத்த நைலான் கயிறு நாண் ஆயிற்று. அம்புக்கு? விளக்குமாற்று ஈர்க்கு நான்கைச் சேர்த்துக் கட்டினேன். எடை சில கிராம்கூட இராது. வீட்டு வாசலில் வைத்து விசையைத் தட்டினேன். ‘படீர்’ என்று ஒரு சத்தம். ஈர்க்கு எங்கோ போய் விழுந்தது. வில்லின் நடுவே நீளமாக ஒரு விரிசல்!

திண்ணையில் படுத்திருந்த தாத்தா எழுந்துகூடப் பார்க்கவில்லை. “லேசா போட்டியா? கனமா போடுடா. இல்லாட்டி வில்லு தன்னையே அடிச்சுக்கும்” என்றார்.

தாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை மேலே கொண்டு செல்ல முடியாது. எங்கள் ஊர் குயிலாப்பாளையம். கிழக்கே இறங்கினால் கடல். வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். என் தந்தை அங்கேதான் உப்பு வாருகிறார். தாயார் முந்திரிக் கொட்டை உடைக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் காலடி வைத்த முதல் ஆள் நான்தான். இன்று ஊரைச் சுற்றிலும் பச்சைப் பசேலென்று மரங்கள் நிற்கின்றன. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது இந்த மேட்டு நிலம் பெரும்பாலும் வெறும் செம்மண், மழை அறுத்துச் சென்ற ஓடைப் பள்ளங்கள், அங்கங்கே பனைகள். அப்போது தாத்தாவுக்கு வாலிப வயது. வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் அதிகம். அந்த நாட்களில் அடுப்பெரிய வைத்தது அவருடைய உண்டிவில்தான்.

இரப்பர் பட்டை கட்டிய கவட்டைக் கோலையும் சிலர் உண்டிவில் என்பார்கள். தாத்தாவுடையது உண்மையான வில். மூங்கில் வில்லில் இரட்டை நாண், நாண்களின் நடுவே துணிப்பட்டை, அதில் களிமண் உருண்டை. உருண்டைகளை அவர் இரண்டு பானைகளில் போட்டு வைப்பாராம். ஒன்றில் சிறியவை, தானியம் கொத்த வரும் குருவிகளை விரட்ட. இன்னொன்றில் நடுவே கூழாங்கல் வைத்து உருட்டிக் காயவைத்த கனமானவை, கௌதாரிக்கும் முயலுக்கும். “முயலுக்குச் சின்னது போட்டா என்ன?” என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொன்னதில்லை. பதிலை நானே ஒருநாள் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பரணில் கிடந்த வில்லைத் தாத்தாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். ஒரு முள் புதரின் ஓரத்தில் கௌதாரி மேய்ந்துகொண்டிருந்தது. நெருங்கிப் போனால் பறந்துவிடுமே என்று பயந்து, தூரத்திலேயே நின்றேன். சின்ன உருண்டைதான் தூரம் போகும் என்று அதைப் போட்டு அடித்தேன். குறி தப்பவில்லை. ஆனால் கௌதாரி விழவில்லை. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டே புதருக்குள் ஓடி மறைந்தது.

நான் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆயா கேட்டுக் கேட்டு உண்மையை வாங்கிவிட்டாள். தாத்தா என்னை அடிக்கவில்லை. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, “வா” என்றார். இருட்டிய பிறகும் முள்ளுக்குள் தேடினோம். அவர் கைகளெல்லாம் கீறல். கடைசியில் பள்ளத்து வேர் இடுக்கில் அது ஒடுங்கிக் கிடந்தது. விளக்கொளியில் அதன் கண் எங்களையே பார்த்தது. தாத்தா அதை எடுத்து, ஒரு நொடியில் அதன் துன்பத்தை முடித்தார். அங்கேயே குழி தோண்டிப் புதைத்தோம். திரும்பும் வழியில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “பசிக்கு அடிச்சா பாவமில்லைன்னு நெனச்சிருந்தவன் நான். நீ பசிக்கும் அடிக்கலை.” மறுநாள் பரணில் வில் இல்லை. அடுப்பில் போட்டுவிட்டதாக ஆயா சொன்னாள்.

அந்தக் கௌதாரியின் கணக்கை ஏழு ஆண்டுகள் கழித்து, நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில்தான் நான் போட்டுப் பார்த்தேன்.

வில்லைப் புதிதாகச் செய்தேன். அம்புகள் இரண்டு வகை. மூங்கில் சிம்பில் செய்தது 10 கிராம். பழைய கூரையிலிருந்து கழற்றிய பனங்கையைச் செதுக்கி, முனையில் ஆணி பொருத்தியது 30 கிராம். அம்பின் வேகத்தை அளப்பது எப்படி? 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை ஊசல் கொண்டு அளந்த முறையை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அதையே கையாண்டேன். 5 கிலோ மணல் மூட்டையை 2 மீட்டர் கயிற்றில் தொங்கவிட்டு, பேராசிரியர் மேற்பார்வையில், ஆள் நடமாட்டமில்லாத சுவரோரமாக எய்தேன். இலேசான அம்பு தைத்தபோது மூட்டை ஏறத்தாழ 3.7 செ.மீ. நகர்ந்தது. கனமான அம்புக்கோ 8.5 செ.மீ.!

கணக்கிட்டால், இலேசான அம்பின் வேகம் நொடிக்கு 41 மீட்டர். கனமானது 32 மீட்டர். வேகத்தில் தோற்றது கனமான அம்புதான். ஆனால் இலேசான அம்பு சுமந்து சென்ற ஆற்றல் 8 ஜூலுக்குச் சற்று அதிகம். கனமான அம்பு சுமந்ததோ 15 ஜூலுக்கும் மேல். ஒரே வில், ஒரே இழுப்பு. மீதி ஆற்றல் எங்கே போயிற்று?

இதற்கு விடை சொன்னவர் பால் கிளாப்ஸ்டெக் என்ற அமெரிக்க இயற்பியலாளர். விசை விடுபட்டதும் அம்பு மட்டும் ஓடுவதில்லை. வில்லின் கைகளும் நாணும் கூடவே ஓடுகின்றன. ஆகவே அம்பின் நிறையோடு வில்லின் பங்காக ஒரு நிறையையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். என் வில்லுக்கு அந்தக் கூடுதல் நிறை ஏறத்தாழ 20 கிராம். 10 கிராம் அம்பைப் போட்டால் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் அம்புக்கு. மீதி வில்லிலேயே நின்று அதை உலுக்கும். 30 கிராம் அம்பைப் போட்டால் ஐந்தில் மூன்று பங்கு அம்போடு போய்விடும். ஈர்க்கு போன்ற ஒன்றைப் போட்டால் ஏறத்தாழ முழு ஆற்றலும் வில்லின் தலையிலேயே விடியும். ‘வில்லு தன்னையே அடிச்சுக்கும்’ என்று தாத்தா சொன்னது இதைத்தான்!

குறுக்கு வில் வேட்டைக்குச் சட்டம் இடந்தரும் நாடுகளில், அம்பின் எடையை ‘கிரெயின்’ என்ற அளவால் சொல்கிறார்கள். ஒரு கிரெயின் நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் பாதியளவுதான். 400 கிரெயின், அதாவது சுமார் 26 கிராம் அம்பு அங்கே சாதாரணம். பெரிய விலங்கைத் தேடிப் போகிறவர்கள் அதற்கும் மேலே போகிறார்கள். வில் செய்யும் நிறுவனங்களும் இத்தனை எடைக்குக் குறைந்த அம்பைப் போடாதீர்கள் என்று எச்சரிக்கின்றன. கனமான அம்பு ஆழமாக ஊடுருவும். விலங்கு காயத்தோடு ஓடி எங்கோ நாட்கணக்கில் துடித்துச் சாகாது. வில்லும் அதிகம் அலறாது.

ஆனால் கனத்துக்கும் ஒரு விலை உண்டு. என் வில்லில் 10 மீட்டர் போவதற்குள் இலேசான அம்பு 29 செ.மீ. கீழே இறங்குகிறது, கனமான அம்போ 49 செ.மீ. தூரம் கூடக் கூட இந்த வேறுபாடும் கூடும். எனவே கனமான அம்பு வைத்திருப்பவன் தூரத்தில் நின்று கொண்டு அடிக்க முடியாது. ஓசையின்றி, பொறுமையோடு, பலமுறை ஏமாந்து, நெருங்கிப் போகவேண்டும். இலேசான அம்பு வேட்டைக்காரனுக்குச் சுகம், துன்பம் விலங்குக்கு. கனமான அம்பு அந்தத் துன்பத்தை வேட்டைக்காரன் பக்கம் மாற்றி வைக்கிறது. அன்று ஓடையோரத்தில் நான் செய்த பிழை குறியில் இல்லை. நெருங்கிப் போக மனமில்லாமல் சின்ன உருண்டையைத் தேர்ந்தெடுத்ததில் இருந்தது.

காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானைக்கு எறிந்து குறி தப்பிய வேலே பெருமையுடையது என்பது வள்ளுவர் கருத்து. வீரனுக்கு அது பொருந்தும். ஆனால் குழந்தைகளின் பசியைத் தீர்க்கப் போனவனுக்கு முயல்தான் யானை. அவன் தப்பவும் கூடாது. அரைகுறையாக அடிக்கவும் கூடாது.

கண்காட்சி நாளன்று தாத்தாவை அழைத்து வந்தேன். ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். “பரவாயில்லை, போட்டுக்கொள்ளுங்கள்” என்று பேராசிரியர் சொல்லியும் கேட்கவில்லை. மணல் மூட்டையையும் நான் எழுதி மாட்டியிருந்த அட்டவணையையும் வெகுநேரம் பார்த்தார். எழுத்து அவருக்குத் தெரியாது.

“ஐயா, கனமான உருண்டைதான் நல்லது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று பேராசிரியர் கேட்டார்.

“கண்டுபிடிக்கலீங்க, காதால கேட்டேன். லேசா போட்டா வில்லு கத்தும். வில்லு கத்துச்சின்னா அந்த அடி முயலுக்குப் போகலை, நம்ம கைக்கே திரும்பிடுச்சின்னு அர்த்தம்.”

பேராசிரியர் அந்த வாக்கியத்தை அப்படியே ஒரு தாளில் எழுதி என் அட்டவணைக்குக் கீழே ஒட்டினார். மூன்று ஆண்டுப் படிப்பில் நான் பெறப்போகும் எந்தச் சான்றிதழும் அந்தத் தாளுக்கு ஈடாகாது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடுக்கிறது. 2021இல் மரக்காணத்தை அடுத்த கழுவெளியும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அது நியாயமே. என் குறுக்கு வில் மணல் மூட்டையைத் தவிர வேறெதையும் அடித்ததில்லை, அடிக்கவும் போவதில்லை. எங்கள் ஊர் ஓடைகளில் இப்போது மரங்கள் அடர்ந்து கௌதாரிகள் கூவுகின்றன. அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் டார்ச் விளக்கொளியில் கண்ட ஒரு கண் என் நினைவுக்கு வருகிறது.

நண்பர்களே! நாமும் ஒரு வகையில் நாணேற்றிய வில்கள்தாம். நம்மை இழுத்து வளைத்தவர்கள் உப்பளத்திலும் முந்திரிக் கொட்டைப் புகையிலும் நிற்கிறார்கள். அவர்கள் சேர்த்துக் கொடுத்த விசையை இலேசான எதிலோ செலவிட்டுச் சத்தம் மட்டும் எழுப்பப் போகிறோமா? கனமான ஒன்றை ஏற்றுக்கொண்டு, மெல்லச் சென்றாலும் ஆழமாகத் தைக்கப் போகிறோமா? எனக்கு விடை தெரிந்துவிட்டது. அதை எனக்குச் சொன்னவர் திண்ணையில் படுத்திருக்கிறார்.