பயன்படாத இரண்டு படிப்புகள்

விருத்தாசலத்தில் பெண்களின் உடம்பு சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. செராமிக் பட்டறைகளில் பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி, உபரியை வடித்து, அச்சைப் பிரித்து, பொம்மையின் ஓரத்துப் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையோடு தூக்கிப் போய்க் காயவைப்பது வரை பெண்களின் கை இருக்கிறது. என் அம்மாவும் அந்த வேலையில்தான் இருந்தார். பெண் உடம்புக்கு இதெல்லாம் ஆகாது என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை.

பள்ளி முடித்து நான் உடற்கல்வி படிக்கப் போகிறேன் என்றதும்தான், பெண் உடம்பு மென்மையானது என்பது சொந்தக்காரர்களுக்கு ஞாபகம் வந்தது. "வெயில்ல ஓடிக் கறுத்துப் போனா யாரு கட்டிக்குவா?" என்றார் பெரியம்மா. "அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு நிப்பியா?" என்றார் மாமா. அம்மா ஒன்றுதான் கேட்டார்: "ஃபீஸ் எவ்வளவுடி?"

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள். அந்தச் சங்கத்தின் பெயரை விரித்தால் அதற்குள் 'இளம் ஆண்கள்' என்று இருக்கும். மைதானம் யாருடையது என்று பெயரே சொல்லிவிடுகிறது.

நான் படித்த இடத்தில் எலும்பு, தசை, நடுவர் விதிகள் எல்லாம் சொல்லித் தந்தார்கள். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஓடுபாதை போடுவதுதான். 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவது பாதையில் ஓடுபவரை முதல் பாதைக்காரரைவிட ஏறத்தாழ 7 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். வளைவில் வெளிப்பாதை நீளம் அதிகம். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் வெளியே இருப்பவர் அதிக தூரம் ஓடுவார். சமத்துவம் என்பதை நான் முதலில் சுண்ணாம்புக் கோட்டில்தான் புரிந்துகொண்டேன். இடஒதுக்கீட்டைக் குறை சொல்பவர்களிடம் இன்றும் இதைத்தான் சொல்கிறேன்.

நான் படித்துக்கொண்டிருந்த 2006-ல், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். விடுதியில் நாங்கள் இரவெல்லாம் பேசினோம். ஒருத்தி பெண்ணா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார்? ஓடியவளின் சொல்லுக்கு மதிப்பில்லையா? எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. ஸ்டாப்வாட்ச்சில் நிச்சயமாக இல்லை.

அந்தக் கேள்விகள்தான் என்னைத் தத்துவத்துக்குக் கொண்டுபோயின. வேலைக்குப் போனபின் அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்தேன். "சம்பளம் ஏறுமா?" என்று கேட்டார்கள். ஏறவில்லை.

தத்துவத்திலும் அதே மைதானம்தான். மணிமேகலையில், நீ இளம்பெண் என்பதால் சமயவாதிகள் தங்கள் கொள்கைப் பொருளை உனக்குச் சொல்லமாட்டார்கள் என்று தெய்வமே அவளிடம் சொல்கிறது. வேற்றுரு எடுக்கும் மந்திரத்தையும் தருகிறது. வஞ்சி நகரில் அவள் ஒரு தவசியின் உருவில் போய்த்தான் அளவைவாதி முதல் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்கிறாள். அறிவு அவளிடம் இருந்தது. உடம்பைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மேரியன் யங் 1980-ல், பெண்பிள்ளைகள் பந்து எறியும் விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முழு உடம்பையும் சுழற்றாமல் கையால் மட்டும் எறிவது பிறவிக் குணமல்ல. தன் உடம்பைப் பிறர் பார்க்கும் பொருளாகவே எண்ணி வாழப் பழகியதன் விளைவு என்றார். இதை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எறிவதற்கு முன் ஒருமுறை துப்பட்டாவைச் சரிசெய்துகொள்கிறார்கள். அந்த ஒரு நொடியில் தோள் சுருங்கிவிடுகிறது.

பட்டறைக்காக, சமையலுக்காக, பிள்ளைக்காக உழைக்கும் பெண் உடம்பை யாரும் தடுப்பதில்லை. பரீட்சைக்காக, வேலைக்காக யோசிக்கும் பெண்ணையும் இப்போது ஓரளவு விட்டுவிடுகிறார்கள். தனக்காக ஓடினால், தனக்காக யோசித்தால்தான் 'எதுக்கு?' என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு படிப்புகளையும் பயனற்றவை என்று சொல்வதன் காரணம் இதுதான். எங்கள் விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதும் இதனால்தான். இப்போது நான் கொடுப்பதில்லை. சண்டை போடுகிறேன்.

ஒவ்வொரு வருஷமும் விளையாட்டு விழாவுக்குப் பாதை போடும்போது யாராவது ஒருத்தி கேட்பாள்: "டீச்சர், அவ மட்டும் ஏன் முன்னாடி நிக்கிறா?" நான் பதில் சொல்வதில்லை. அளவு நாடாவை அவள் கையில் கொடுத்து, இரண்டு பாதைகளையும் அளந்துவிட்டு வரச் சொல்கிறேன்.