டக் பிரித்த பாவாடை

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிந்து போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. விளக்குத்தூணுக்கு நடந்தே போய்விடலாம். திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சமாக நிற்கும் பத்துத்தூண் இன்னும் பக்கம். அந்தத் தூண்களைச் சுற்றிலும் ஜவுளிக் கடைகள். கடை வாசலைத் தாண்டும்போதே புதுத்துணியின் வாசம் மூக்கில் ஏறும். எழுபதுகளில் அந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வருவதற்கு முன்பே பாப்ளின், மல்மல், வாயில், லாங்கிளாத், காடா, சீட்டி என்று துணிகளின் பெயர் வந்துவிடும். தொட்டுப் பார்த்தே இன்னது என்று சொல்லிவிடுவோம்.

ஊரே பருத்தியால் பிழைத்த காலம் அது. 1892இல் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலையை, பெயர் எத்தனை மாறினாலும், எங்கள் பக்கத்தில் ஹார்வி மில் என்றுதான் சொல்வார்கள். 1974இல் அது மதுரா கோட்ஸ் ஆயிற்று. மில் சங்கு ஊதினால்தான் பல வீடுகளில் உலை ஏறும். சந்தின் கீழ்க்கோடியில் சௌராஷ்டிரக் குடும்பங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார்கள். துணியைக் கடுகளவு கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிச் சுற்றுவார்கள். வாய் ஊர்க்கதை பேசும். விரல் ஒரு முடிச்சுகூடத் தவறாது. சாயத்தில் முக்கியெடுத்து முடிச்சைப் பிரித்தால், சாயம் ஏறாத இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் பூத்திருக்கும். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் முகமும் எனக்கு நினைவு வந்தது.

எங்கள் வீடு அகலம் குறைந்து நீளமாகப் போகும். ரேழி, அதற்குப் பின்னால் கம்பி போட்ட முற்றம், அடுத்து அடுப்படி. அம்மாவின் தையல் மிஷின் முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே, வெளிச்சம் விழும் இடத்தில் இருந்தது. கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் உஷா என்று எழுதிய கால்மிதி மிஷின். அங்கே உட்கார்ந்தபடியே உலை கொதிப்பதைப் பார்க்கலாம், சோறு வெந்த வாசனையைப் பிடிக்கலாம், அம்மியில் அப்பத்தா துவையல் அரைக்கும்போது "இன்னும் ரெண்டு மிளகாய் வைங்க அத்தை" என்று சொல்லவும் செய்யலாம். அம்மாவின் பகல் முழுவதும் அந்தப் பத்தடிக்குள் நடந்தது. தைத்தபடி சமைப்பார், சமைத்தபடி தைப்பார். இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று கை கொடுத்தன.

சோறு வடித்த கஞ்சி வீணாகாது. சூடு ஆறியதும் துணியில் வடிகட்டித் தண்ணீர் சேர்ப்பார். எங்கள் பள்ளிக்கூடச் சீருடைகள் அதில் முங்கி எழுந்து மொட்டைமாடியில் விறைத்துக் காயும். அடுப்பில் மிஞ்சிய சிரட்டைக் கரி இஸ்திரிப் பெட்டிக்குள் போகும். அப்பாவின் வேட்டி நைந்தால் கிழித்து வீசிவிடமாட்டார். நல்ல பாகத்தைச் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்து அடித்தால் இட்லித் தட்டுக்குத் துணி. மாவை ஊற்றி வேகவைத்துத் தட்டைக் கவிழ்த்து, துணியின் மேல் தண்ணீர் தெளித்து உரித்தால் இட்லி உடையாமல் வரும். அதைவிடப் பெரிய துண்டு வத்தல் காயப்போட. கரையோரம் கிழித்த நாடா, மாவுச் சல்லடையை ஆணியில் மாட்ட. பழைய சுங்குடிச் சேலை முதலில் தம்பிக்குத் தூளியானது. அப்புறம் எனக்குப் பாவாடையானது. கடைசியில் நாலைந்து மடிப்பாகச் சேர்ந்து எல்லோருக்கும் படுக்கை விரிப்பானது.

மழைக்காலத்தில் பருத்தி அடுப்படிக்கே வந்துவிடும். சளி பிடித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அன்று பருத்திப்பால். முதல்நாள் இரவே பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு, காலையில் பஞ்சும் தூசியும் போகப் பலமுறை அலசி ஆட்டுக்கல்லில் ஆட்டுவார்கள். வேட்டித் துணியில் போட்டுப் பிழிந்தால் முதல் பால், தண்ணீர் விட்டு மறுபடி ஆட்டினால் இரண்டாம் பால். அதை அடுப்பில் வைத்துப் பச்சை வாடை போகும்வரை கொதிக்கவிட வேண்டும். ஊறவைத்து அரைத்த பச்சரிசியைக் கரைத்து ஊற்றியதும் அடிபிடிக்கப் பார்க்கும். ஆள் மாற்றி ஆள் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கெட்டிப்பட்டதும் வடிகட்டிய கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலம், கடைசியாகத் தேங்காய்ப்பூ. தம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் தொண்டையிலிருந்து நெஞ்சுவரை சூடு இறங்குவது தெரியும். தெருவில் தள்ளுவண்டியிலும் விற்பார்கள், நன்றாகவே இருக்கும். ஆனால் காரம் பிடிக்காத தங்கைக்குச் சுக்குக் குறைத்து, இருமும் அண்ணனுக்குச் சுக்குக் கூட்டி, ஒரே பானையிலிருந்து இரண்டு விதமாகக் கொடுக்க வீட்டில்தான் முடியும்.

அம்மாவிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. முன்பக்கம் பிரித்தால் எங்கள் அளவுகள்: பெயர், தேதி, மார்பு, இடுப்பு, தோள், கை, உயரம். பின்பக்கம் திருப்பிப் பிரித்தால் சமையல் குறிப்புகள்: சாம்பார்ப்பொடிக்கு மல்லி எத்தனை படி, மிளகாய் எத்தனை வீசை, வடகத்துக்கு உப்பு எவ்வளவு. படியும் வீசையும் சட்டப்படி போய்ச் சில வருஷங்கள் ஆகியும் அம்மாவின் கைக்கணக்கில் அவை இருந்தன. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்ட சில குறிப்புகளும் அதில் உண்டு. செய்தித்தாளில் வெட்டிய கைமாதிரி, காலர்மாதிரி எல்லாம் நோட்டின் நடுவே மடித்திருக்கும்.

இந்த இரண்டு பக்கமும் தனித்தனி விஷயம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் அம்மா அதை எப்படிப் பயன்படுத்தினார் என்று விளங்கியது. ஒரு வருஷம் அண்ணன் பெயருக்கு நேரே இடுப்பு ஒரு இஞ்சு குறைந்திருக்கிறது. அதற்குக் கீழே பென்சிலில் 'பருப்பு, நெய், கீரை' என்று குறித்திருக்கிறார். அக்கா பெரியவளான வருஷத்துப் பக்கத்தில் 'உளுந்தங்களி, நல்லெண்ணெய்' என்று இருக்கிறது. இஞ்சு டேப் சொன்னதை அடுப்படி கேட்டிருக்கிறது. தீபாவளிக்கு ஒருமுறை, பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒருமுறை என்று அளவெடுக்கும் சாக்கில் எங்கள் ஒவ்வொருவர் உடம்பையும் அவர் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். "இங்கிட்டுத் திரும்பு. மூச்சை இழுத்துப் பிடிக்காதே, சும்மா நில்லு" என்று சொல்லியபடி முதுகெலும்பு நேராக இருக்கிறதா, தோள் ஒருபக்கம் சாய்கிறதா என்று பார்த்துவிடுவார். உடம்பு சுட்டால் அப்போதே தெரிந்துவிடும். அன்றைக்கு இரவு எங்களில் ஒருவருக்கு மட்டும் மிளகு ரசமும் குழைந்த சோறும்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே துணி எடுப்பார்கள். கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி அறிவிக்கும் நாளை அப்பா பார்த்து வைத்திருப்பார். பெண்பிள்ளைகள் மூவருக்கும் ஒரே சீட்டித்துணி, பையன்கள் இருவருக்கும் ஒரே சட்டைத்துணி. ஒரே துணியில் எடுத்தால் சேதாரம் குறையும். அக்கா பாவாடைக்கு வெட்டிய ஓரத்தில் தங்கையின் பஃப் கை கிடைத்துவிடும். வாங்கிவந்த துணியை நேரே வெட்டமாட்டார். இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைப்பார். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டுத்தான் கத்தரி வைப்பார். பிறகு தரையில் விரித்துப் பன்னா (துணியின் அகலம்) பார்த்து, நூல் நேராக ஓடுகிறதா என்று கண்ணால் அளந்து, சாக்கால் கோடு போடுவார். கழுத்துக்குக் கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டிய பட்டிதான் வைப்பார். நேராக வெட்டிய பட்டி வளைவில் சுருக்கம் விழும்; கிராஸ் பட்டி கழுத்தோடு வளைந்து கொடுக்கும்.

பாவாடையில் அம்மா காட்டிய அக்கறைதான் என் மனத்தில் ஆழமாகத் தங்கியது. மேலே கையில்லாத பாடி வைத்து, அதில் கொசுவம் பிடித்துப் பாவாடையை இணைப்பார். இடுப்பில் நாடா இறுக்காது, எடை தோளில் நிற்கும். பாவாடையின் அடியில் இரண்டு டக், அதாவது தைத்த மடிப்பு, பிடிப்பார். ஒரு இஞ்சு ஆழத்தில் ஒரு டக் என்றால் அது இரண்டு இஞ்சுத் துணியை உள்ளே வாங்கிக்கொள்ளும். இரண்டு டக்கில் நாலு இஞ்சு. ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையே பிள்ளைகள் வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள், அதாவது ஏறக்குறைய இரண்டு இஞ்சு. ஒரு வருஷம் கழிந்ததும் ஒரு டக்கைப் பிரித்தால் பாவாடை மறுபடி கணுக்கால் வரை வரும். பாடியின் பக்கத்தையலிலும் அரை இஞ்சுக்கு மேல் துணி உள்ளே மடிந்திருக்கும். பிரிக்க வசதியாக டக் தையல் மட்டும் பெரிய தையலாக, இழுத்தால் வரும்படி ஓட்டியிருப்பார். மற்ற இடமெல்லாம் நெருக்கமான தையல்.

டக் பிரித்த இடத்தில் வெயில் படாத துணி ஒரு கோடு போலப் பளிச்சென்று தெரியும். எங்கள் தெருவில் எல்லாப் பெண்பிள்ளைகளின் பாவாடையிலும் அந்தக் கோடு இருந்தது. யாரும் அதை மறைக்கவில்லை. "என்னடி, இந்த வருஷம் நல்லா உசந்துட்ட!" என்று எதிர்வீட்டு அத்தை பாவாடையைப் பார்த்தே சொல்வார். அந்தக் கோட்டுக்கு மேல் சில சமயம் அம்மா லேஸ் வைத்துத் தைப்பார். அதை வாங்கப் புதுமண்டபம் போக வேண்டும்.

புதுமண்டபம் என்றால் இப்போதும் எனக்குள் ஒரு துள்ளல். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய கல்மண்டபம். நாயக்க மன்னர்களும் தெய்வங்களும் தூணில் நிற்க, அவர்கள் காலடியில் தையல்காரர்கள் மிஷின் போட்டிருந்தார்கள். பொத்தான், ஹூக், லேஸ், நூல்கண்டு, வளையல், பாத்திரம், பழைய புத்தகம், எல்லாம் தூணுக்குத் தூண். சித்திரைத் திருவிழா நெருங்கினால் கள்ளழகருக்கு வேண்டிக்கொண்டவர்கள் போடும் உடைகள் அங்கே குவியல் குவியலாகத் தயாராகும். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஜரிகையும் கலந்த உடுப்பு, தலைக்கு உருமால். என் தம்பிக்கு ஒரு வருஷம் வேண்டுதல் இருந்தது. அங்கே ஒரு தையல்காரர் உடுப்பைத் தைத்துக்கொண்டிருந்ததை அம்மா பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். "என்னம்மா, தொழில் படிக்கிறீகளா?" என்று அவர் கேட்டார். "ஆமாண்ணே, ஜரிகை மடிப்பு எப்படித் திரும்புதுன்னு பார்க்கேன்" என்றார் அம்மா. அவர் ஊசியை நிறுத்தி, மூலையில் ஜரிகையை எப்படி மடக்க வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். தம்பியின் உடுப்பை அம்மாவே வீட்டில் தைத்தார்.

அம்மா தைத்தது எங்கள் துணி மட்டுமல்ல. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் சீருடை, பெண்களின் ஜாக்கெட், தலையணை உறை எல்லாம் வரும். ஜூன் மாதத்தில் ராத்திரி வெகுநேரம் கால்மிதியின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். கால் வீங்கிவிடும், அப்பத்தா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவார். அந்தக் கூலியில்தான் எங்கள் நோட்டுப் புத்தகங்களும் பண்டிகைப் பலகாரத்துக்கான நெய்யும் வந்தன. அப்பாவின் சம்பளத்தை வரவாகச் சொன்னவர்கள் அம்மாவின் கூலியை வரவாகச் சொன்னதே இல்லை. அது வரவுதான், வீட்டைத் தாங்கிய வரவு. இதை அப்போதே உரக்கச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் வீட்டில் இருந்த பெரியவர்கள்.

பையன்களுக்கும் அம்மா வேலை கற்றுக்கொடுத்தார். மிஷினுக்கு எண்ணெய் விடுவது அண்ணன் பொறுப்பு. எண்ணெய் விட்டதும் பழந்துணியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல துணியில் கறை விழும். தோல் பெல்ட் நாள்பட நீண்டு வழுக்கினால், சிறிது நறுக்கிக் கிளிப் மாட்டிச் சரிசெய்யத் தம்பிக்குத் தெரியும். பொத்தான் தைக்காமல் சட்டை போட்டுக்கொண்டு யாரும் வாசல் தாண்ட முடியாது. பெண்பிள்ளைகள் நாங்கள் வெட்டக் கற்றுக்கொண்டோம். பிள்ளைகள் எல்லோருமே தோசை வார்க்கக் கற்றுக்கொண்டோம்.

இப்போது அந்த வீடு துணிக்கடை ஒன்றின் கிடங்காகிவிட்டது. புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தூண்கள் காற்றாடி நிற்கின்றன. சிற்பங்களுக்கு அது நல்லது, நானும் மகிழ்ந்தேன். என் பேரப்பிள்ளைகளின் உடுப்பு திருப்பூரிலிருந்து வருகிறது. மென்மையான துணி, நேர்த்தியான தையல், துவைக்கத் துவைக்க வடிவம் மாறுவதில்லை. கால் வீங்க ராத்திரி முழுவதும் மிதிக்கும் வாழ்க்கை எந்தத் தாய்க்கும் திரும்ப வேண்டாம்.

ஆனால் அளவெடுப்பது மட்டும் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன். ஆறு வயது, எட்டு வயது என்று ஒட்டியிருக்கும் சீட்டு ஒரு சராசரிப் பிள்ளைக்கானது. நம் வீட்டுப் பிள்ளையை அதற்குத் தெரியாது. நான் என் பேத்திக்குப் பிறந்தநாள்தோறும் டேப் எடுத்து மார்பு, இடுப்பு, உயரம் பார்த்து அம்மாவின் நோட்டிலேயே எழுதுகிறேன். பின்பக்கத்தில் அவளுக்குப் பிடித்த குழம்பு, தட்டில் ஒதுக்கும் காய், இந்த வருஷம் புதிதாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டது எல்லாம் குறிக்கிறேன். உடுப்பு கடையிலிருந்து வரட்டும். சில நாள் சாப்பாடும் வெளியிலிருந்து வரட்டும். ஒரு பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எங்கே இளைத்திருக்கிறது, எதற்குப் பசிக்கிறது என்பது மட்டும் வீட்டில் ஒருவருக்காவது கையால் தொட்டுத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு எங்கள் ஐந்து பேர் விஷயத்திலும் அது தெரிந்திருந்தது. எங்களை ஆளாக்கியதில் பெரும்பங்கு அதற்குத்தான்.