குத்தாலத்தில் ஒரு குறிப்பேடு

ஆட்டிசத்தோடு பிறந்த பிள்ளைகளைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் நான்கைந்து வயதுக் குழந்தைகளைப் பற்றியே எழுதுகின்றன. அந்தக் குழந்தைகள் வளர்ந்து, மீசை அரும்பி, பள்ளிக்கூடத்தின் கதவு தங்களுக்குப் பின்னால் சாத்தப்பட்ட பிறகு எங்கே போகிறார்கள், யார் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அப்படி உட்கார்ந்திருப்பதை ஓர் உத்தியோகமாக ஏற்றுக்கொண்டவர்கள் தினந்தோறும் என்னதான் செய்கிறார்கள் என்பதைச் சிரத்தையோடு எழுதுவோர் மிகச் சிலரே. அதை நேரில் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் நான் குத்தாலத்துக்குப் போனேன்.

மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, காவிரியின் தென்கரையில், நெல் வயல்களும் வாழைத் தோப்புகளும் சூழ அமைந்த இவ்வூர், பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்து, பிறகு நாகப்பட்டினத்துக்குப் போய், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்தது. தேவாரப் பாடல் பெற்ற சிவஸ்தலம் இங்கே உண்டு. கல்யாணப் பிரார்த்தனைக்குப் பெயர்போன திருமணஞ்சேரியும் பக்கத்தில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துப் பெற்றோர் சிலர் கூடி வாடகைக்கு எடுத்து நடத்தும் பகல்நேர மையம் ஒன்று, திண்ணையும் முற்றமும் உள்ள பழைய ஓட்டு வீட்டில் இயங்குகிறது. வாசலில் பெயர்ப்பலகை இல்லை. பதினாறு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரையுள்ள பிள்ளைகளும் பெண்களும் காலையில் வந்து, மத்தியானச் சாப்பாடு முடித்து, மூன்று மணிக்கு வீடு திரும்புகிறார்கள்.

அங்கே நான் பார்க்கப் போனது உதவி உளவியலாளராக வேலை செய்யும் ஓர் இளம்பெண்ணை. தேரழுந்தூர்ப் பக்கத்துக்காரர்; உளவியலில் முதுகலை படித்தவர். தாய்மார்கள் எல்லோரும் அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னாருக்கு ஆட்டிசம் இருக்கிறது, இன்னாருக்கு இல்லை என்று நிர்ணயித்துக் கையொப்பமிடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. மருத்துவ உளவியலில் மேற்படிப்பு முடித்து இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற ஒருவர் தஞ்சாவூரிலிருந்து அவ்வப்போது வந்து பார்த்து, வழிகாட்டிவிட்டுப் போகிறார். அவர் வராத நாட்களில் பார்ப்பது, கேட்பது, எழுதுவது, வகுத்த பயிற்சியைக் கைவிடாமல் நடத்துவது ஆகிய சகலமும் இந்த உதவியாளரின் தலையில்தான் இருக்கிறது. தாயாரை உட்கார வைத்து, பிள்ளை தானே பொத்தான் போடுகிறானா, கடைக்குப் போய் மிச்சம் வாங்கி வருகிறானா என்று நிதானமாக விசாரிக்கும் வைன்லாண்டு சமூக முதிர்ச்சி அளவையை அவர் நடத்துகிறார். நாகபுரியிலிருந்த மாலின் என்பவர் நம் தேசத்துக்கு ஏற்றபடி திருத்தியமைத்த அந்த அளவையில் 89 வினாக்கள் இருக்கின்றன. செகந்திராபாத்தில் உருவான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவையின் 40 கூறுகளுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவது மேலதிகாரியின் பொறுப்பு என்றாலும், அதற்கு வேண்டிய ஆதாரங்களை நாள்தோறும் சேகரித்துக் கொடுப்பவர் இவரே.

இந்தத் தொழிலின் பிரதான கருவி இந்த அளவைகள்தான் என்று எண்ணிக்கொண்டு போன எனக்கு, அவர் தமது மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டியது பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்றுதான். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து இரண்டு கோடுகள் இழுத்து மூன்று கட்டமாகப் பிரித்திருந்தார். முதல் கட்டத்தின் தலைப்பு 'முன்னால்', நடுக்கட்டத்துக்கு 'நடந்தது', கடைசிக்கு 'பின்னால்'. ஒரு பிள்ளை கத்தினாலோ, தன்னைத் தானே அடித்துக்கொண்டாலோ, ஓடினாலோ, அது நடுக்கட்டத்தில் மணி நேரத்தோடு பதிவாகிறது. அதற்குச் சற்று முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது, யார் வந்தார்கள், என்ன சப்தம் கேட்டது என்பவை முதல் கட்டத்திலும், அதன் பின் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது கடைசிக் கட்டத்திலும் ஏறுகின்றன. நடத்தை ஆய்வு முறையில் உலகெங்கும் வழங்குவது இதுதான். ஆனால் 'கோபப்பட்டான்', 'அடம் பிடித்தான்' என்று எழுத இவர் எவரையும் அனுமதிப்பதில்லை. கோபம் என்பது நம்முடைய அபிப்பிராயம். கையை வாயருகே கொண்டுபோய் மணிக்கட்டைக் கடித்தான் என்பதே நடந்த விஷயம். வயலில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று வரப்பு வரப்பாகக் குனிந்து பார்த்துப் போகிற விவசாயியைப்போல, அவர் அந்த முதல் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே போவதை நான் பார்த்தேன்.

அந்தப் படிப்பினால் என்ன பிரயோஜனம் என்பதற்கு அவர் சொன்ன ஒரு சம்பவத்தை விரிவாகவே எழுத வேண்டும். கல்யாண மண்டபம் ஒன்றுக்கு அடுத்த வீட்டில் வசிக்கும் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், முகூர்த்தம் வந்தால் இரண்டு காதிலும் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அறைந்துகொள்வான். தடுக்கப் போகிறவர் கையைக் கடித்துவிடுவான். வீட்டாருக்கு இதன் காரணத்தில் சந்தேகமே இருந்ததில்லை. "மேளம்னா ஆவாது டீச்சர் இவனுக்கு. அதான் எந்த விசேஷம்னாலும் நாங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுலயே தங்கிடுறது" என்று தாயார் வந்த அன்றே சொல்லியிருக்கிறார். சித்தப்பா வீட்டுக் கல்யாணம், அத்தை வீட்டு வளைகாப்பு என்று எதற்கும் அந்தக் குடும்பம் ஒன்றாகப் போனதில்லை. உதவியாளர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. தாயாரிடமே ஒரு நோட்டைக் கொடுத்து, நடந்த மணியையும் அந்த வேளையில் கேட்ட சப்தத்தையும் எழுதி வரச் சொன்னார்.

ஆறேழு முகூர்த்தங்கள் கடந்தபின் அந்த நோட்டைப் பார்த்தால், நடுக்கட்டத்தின் பதிவுகள் அநேகமாக முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பமாகியிருந்தன. நாதஸ்வரக் கோஷ்டி அந்த வேளையில் மண்டபத்துக்கு வந்துகூட இருக்காது. மறுநாள் காலையில் கெட்டிமேளம் முழங்கிய நேரத்துக்கு நேரே பல பக்கங்களில் ஒன்றுமே இல்லை. ஒரு பக்கத்தில், 'இட்லி சாப்பிட்டான்' என்று தாயார் எழுதியிருந்தார். முதல் கட்டத்திலோ, வேறு வேறு தேதிகளில், 'மைக் கட்டினாங்க', 'மைக்செட் வந்தது', 'ஹலோ ஹலோன்னாங்க' என்ற வாசகங்கள் இருந்தன. உதவியாளர் அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். மைக்கை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே பிடித்தபோது 'கூ' என்று கூர்மையாக எழும் அந்த இரைச்சல் வந்த கணத்திலேயே பையனின் கைகள் காதுக்குப் போயின. அதற்குப் பிறகு பாட்டு போட்டார்கள். அவன் கையை இறக்கிவிட்டான்.

காரணம் தெரிந்த பின் பரிகாரம் பெரிய காரியமாக இல்லை. மைக்செட்காரர் சோதனை செய்வதற்கு முன்னால் தாயாருக்கு ஒரு போன் செய்துவிடுகிறார். பையன் காதுமூடியை மாட்டிக்கொள்கிறான். சப்தம் வரும், பிறகு நின்றுவிடும் என்று காட்டும் இரண்டு படங்கள் அவன் எதிரே வைக்கப்படுகின்றன. அவனுடைய அக்காவின் கல்யாணம் வைகாசியில் நடந்தபோது அவன் தவில்காரருக்கு அருகே உட்கார்ந்திருந்த புகைப்படத்தை அந்தத் தாயார் தமது கைபேசியில் எனக்குக் காட்டினார். நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த திருவாவடுதுறைக்கு வெகு சமீபத்தில் வாழ்கிற ஒரு பிள்ளை, நாதஸ்வரம் ஒத்துக்கொள்ளாதவன் என்று இத்தனை வருஷங்கள் ஒதுக்கப்பட்டிருந்தான்! அந்த இசை அவனுக்குப் பிடித்தே இருந்திருக்கலாம் என்பதை நினைத்தபோது எனக்கு மனம் வெகுநேரம் ஆறவில்லை.

எல்லாப் பக்கங்களும் இப்படி முடிவதில்லை. நள்ளிரவில் எழுந்து விடியும்வரை நடந்துகொண்டே இருக்கும் ஓர் இளைஞனுக்காக ஒரு நோட்டு முழுவதும் நிரம்பியிருக்கிறது. காரணம் இன்னும் அகப்படவில்லை. புதிய நோட்டு போட்டிருக்கிறார்கள்.

தாய்மார்களோடு பேசுவது இந்த வேலையில் ஒரு பெரும் பகுதி. கைபேசி காட்டியதனால் வந்ததா, கர்ப்பத்தில் எதையாவது பார்த்துப் பயந்ததனால் வந்ததா, திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதனால் வந்ததா என்று ஏதேனும் ஒரு குற்ற உணர்ச்சியைச் சுமக்காமல் அந்தத் திண்ணையில் வந்து உட்காரும் தாய் அபூர்வம். இது நம் கிராமத்து அறியாமை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். 1943-இல் அமெரிக்காவில் லியோ கான்னர் பதினொரு குழந்தைகளை வர்ணித்து எழுதியதிலிருந்து இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக, தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்ற கொள்கை மேல்நாட்டுப் பெரிய பண்டிதர்களிடையே செல்வாக்கோடு இருந்தது. ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குத் தாமே தகப்பனாராக இருந்த பெர்னார்டு ரிம்லாண்டு என்னும் உளவியலாளர், 1964-இல் எழுதிய நூலில் அதை மறுத்து, இது பிறவியிலேயே அமைந்த நரம்பு மண்டல விஷயம் என்று வாதாடினார். அந்தச் சரித்திரத்தை நம் உதவியாளர் தாய்மார்களுக்குச் சுருக்கமாக எடுத்துச் சொல்கிறார். படித்த டாக்டர்களே அப்படிச் சொல்லிப் பிறகு மாற்றிக்கொண்டார்கள் என்று கேட்டதும், சில தாய்மார்கள் பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்தேன்.

முற்றத்தில் ஒரு பெஞ்சு போட்டு, அங்கே இலைக்கட்டு வேலை நடக்கிறது. பக்கத்துத் தோப்பிலிருந்து வரும் நுனி இலைகளை ஈரத் துணியால் துடைத்து, கிழிந்தவற்றை ஒதுக்கி, ஐந்தைந்தாக எண்ணி, வாழை நாரால் கட்டி, ஊரிலுள்ள மெஸ்களுக்கு அனுப்புகிறார்கள். இதன் ஒவ்வொரு படியும் படமாக வரையப்பட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கிறது. வாய்மொழியாகச் சொன்னால் காற்றில் போய்விடும் கட்டளை, படமாக இருந்தால் கண்ணெதிரே நிற்கும் என்ற தத்துவத்தின்மேல் எரிக் ஷாப்லர் என்பவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் வளர்த்த முறை இது. அங்கே ஓர் இளைஞன் எல்லா இலைகளின் நுனியும் கிழக்கு நோக்கியே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தான். அதை மாற்ற முயல வேண்டாமா என்று நான் கேட்டேன். "அதனால யாருக்கு என்ன சார் நஷ்டம்? அவர் கட்டுற கட்டுலதான் கிழிஞ்ச இலையே இருக்காது" என்றார் உதவியாளர். இருபது வயது கடந்த அவனை அவர் 'அவர்' என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த மையத்தில் பெரிய பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த மரியாதை உண்டு.

பெண்பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு. பெண்களிடம் ஆட்டிசம் கண்டுபிடிக்கப்படாமலே போவது அதிகம் என்பது இன்று துறையிலுள்ளோர் பொதுவாக ஒப்புக்கொள்ளும் விஷயம். வெட்கம், அடக்கம் என்ற பெயர்களுக்குள் அது மறைந்துவிடுகிறது. மாதவிலக்கு நாட்களில் துணி மாற்றிக்கொள்வது, எவர் எதிரில் உடை மாற்றலாம், எவர் தொட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பவை அவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. பேச்சு வராத ஒரு பெண், சென்னையில் அஜித் நாராயணன் என்பவர் உருவாக்கிய 'ஆவாஸ்' செயலியில் படங்களைத் தொட்டுத் தன் தேவைகளைத் தெரிவிக்கிறாள். 'வேண்டாம்' என்ற படத்தைத்தான் முதலில் கற்றுக்கொடுத்ததாக உதவியாளர் சொன்னார். அது மிகச் சரியான முடிவு என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் ஏட்டளவில் தாராளமாகவே இருக்கிறது. 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடம் கிடைத்தது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாக இருந்த பிரிவுகளை இருபத்தொன்றாக்கி, அவற்றுள் அதையும் சேர்த்தது. பதினெட்டு வயது நிறைந்தவுடன் பெற்றோரின் இயல்பான காப்பாளர் பொறுப்பு முடிந்துவிடுவதால், ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் பெற வேண்டும் என்ற விஷயமே பல தகப்பனார்களுக்குத் தெரிவதில்லை. பிள்ளையின் பெயரில் பாங்கிக் கணக்குத் தொடங்கப் போகும்போதுதான் தெரிகிறது. பள்ளிப் பருவம் வரைக்கும் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வருகிறார். அதற்குப் பிறகு வருவதற்கு எவரும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் இந்த உதவியாளர் போன்றவர்கள், ஒரு கடைச் சிப்பந்தி வாங்கக்கூடிய சம்பளத்துக்கு, நிற்கிறார்கள். நடவுக் காலத்தில் தாய்மார்கள் வயலுக்குப் போய்விட்டால் கூட்டி வர ஆளில்லாமல் பிள்ளைகள் பலர் நின்றுவிடுகிறார்கள்; அந்த நாட்களில் இவர் சைக்கிளில் வீடு வீடாகப் போகிறார். இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. நியாயமான சம்பளமும், மேற்படிப்புக்கு ஒரு வழியும், பதிவேட்டில் ஓர் இடமும் கொடுப்பதே அரசாங்கமும் சமூகமும் செய்ய வேண்டியது.

நான் புறப்பட இருந்த வேளையில் பஸ் பயிற்சிக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இலைகளைக் கிழக்கே பார்த்து அடுக்கும் அந்த இளைஞன் மயிலாடுதுறைக்குத் தனியாகப் போய்வரப் பழகிக்கொண்டிருக்கிறான். நிறுத்தத்தில் நிற்பது, பலகை பார்ப்பது, ஏறுவது, உட்காருவது என்று படிகள் பிரிக்கப்பட்டு, துணைக்குப் போகிறவர் முதலில் பக்கத்து இருக்கையிலும், பிறகு பின் இருக்கையிலும், அதன் பிறகு பஸ்ஸின் கோடியிலுமாக விலகிக்கொண்டே போகிறார். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அந்த அட்டையில்தான் காரியம் நின்றது. கண்டக்டர் கையில் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்வரை காத்திருப்பது அந்த இளைஞனால் முடியவில்லை, பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறான். குறிப்பேட்டின் முதல் கட்டத்தில் 'அட்டை கண்ணுக்கு மறைந்தது' என்று எழுதியிருந்தது. கண்ணாடி உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிப் பார்த்தார்கள்; கயிறு பிடரியில் உரசுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. இப்போது அதே உறையைச் சட்டைப்பைக்கு வெளியே தெரியும்படி கிளிப்பினால் குத்தி, கையில் கொடுக்காமலே காட்டுவதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். காலை எட்டேகால் பஸ்ஸின் கண்டக்டரிடம், குனிந்து படித்துக்கொள்ளும்படியும் அட்டையைக் கேட்டு வாங்க வேண்டாம் என்றும் உதவியாளர் முன்கூட்டியே பேசிவைத்திருந்தார். மாலையில் வேறு கண்டக்டர் வருவார் என்பதால், அவரைப் பிடிக்க டெப்போவுக்குப் போகவேண்டியிருந்தது. என்னோடு உதவியாளரும் மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினார்.